பத்தடி அறையில் கிற்றாருக்கான மொனிற்றர்: யமஹா எச்.எஸ்.5 பற்றிய மதிப்பீடு

வீட்டின் ஓர் அறையையே ஸ்ரூடியோவாக்கிக் கொண்டு கிற்றார் வாசிப்பவர்களும் பதிவு செய்பவர்களும் இப்போது மட்டக்களப்பில் கல்லடி, தாண்டவன்வெளி, ஆரையம்பதி என்று ஆங்காங்கே இருக்கிறார்கள். கிற்றாரின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இன்ரர்பேஸும் மடிக்கணினியும் வாங்கி முடித்த பின்னர் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, பதிவை உள்ளபடி கேட்டுச் சரிபார்ப்பதற்கான மொனிற்றர் ஸ்பீக்கரை எத்தனை அங்குலத்தில் வாங்குவது என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. கையிலுள்ள பணத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய வூஃபரை, அதாவது கீழ் ஒலிகளுக்கான கூம்பை, வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் மேடைக் கச்சேரிகளிலிருந்து வந்தது. திறந்த வெளியில் அது சரியாகவே இருக்கும். பத்தடிக்குப் பத்தடி அறைக்குள் அது கேட்பவருக்கு எதிராகவே வேலை செய்யும். கிற்றாரின் ஒலி எந்த எல்லைகளுக்குள் அமைந்திருக்கிறது, அந்த ஒலியை அறை என்ன செய்கிறது ஆகிய இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தால், இந்தத் தேவைக்கு ஐந்து அங்குல மொனிற்றர் போதும் என்பதும், அந்த அளவில் கிடைப்பவற்றுள் யமஹா எச்.எஸ்.5 கிற்றாருக்கு மிகவும் பொருத்தமானது என்பதும் என் முடிவு.

எச்.எஸ்.5 அம்பிளிபயரை உள்ளேயே கொண்ட இருவழி ஸ்பீக்கர். ஐந்து அங்குல வூஃபருக்கு 45 வாற், மேல் ஒலிகளுக்கான ஓர் அங்குல ட்வீற்றருக்கு 25 வாற் என இரண்டுக்கும் தனித்தனி அம்பிளிபயர்கள் உள்ளன. அகலம் 17 சென்ரிமீற்றர், உயரம் 28.5 சென்ரிமீற்றர், ஆழம் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர், எடை 5.3 கிலோ என்பதால், பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் சாதாரண மேசையின் இரு முனைகளிலும் இவற்றை வைத்துவிட்டு நடுவில் மடிக்கணினியை வைக்க இடம் மிஞ்சும். வூஃபரின் வெள்ளைக் கூம்பைப் பார்த்ததும் 1978ஆம் ஆண்டில் வெளிவந்து பின்னர் உலகின் பெரிய ஸ்ரூடியோக்களில் எல்லாம் இடம்பிடித்த யமஹாவின் என்.எஸ்.10 நினைவுக்கு வரும். தோற்றத்தில் அந்த மரபைத் தொடர்ந்தாலும், எச்.எஸ்.5 அதனிடமிருந்து வேறான, பிற்காலத்து வடிவமைப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளம்பரத் தாள்களில் எச்.எஸ்.5இன் அதிர்வெண் எல்லை 54 ஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை என்று காணப்படும். அந்த எண்கள் ஒலி பத்து டெசிபல் குறைந்துவிட்ட இடத்தைக் குறிப்பவை. கிற்றார் வாசிப்பவர் பார்க்க வேண்டிய எண் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது: மூன்று டெசிபல் மட்டும் குறையும் கீழ் எல்லை 74 ஹெர்ட்ஸ். சாதாரணமாகச் சுருதி சேர்க்கப்பட்ட கிற்றாரின் மிகத் தடித்த ஈ தந்தியின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ். ஆகவே ஆறு தந்திக் கிற்றாரில் எழும் எந்தச் சுரத்தின் அடிப்படை ஒலியும் இந்த ஸ்பீக்கரின் நேரான, அதாவது ஒலி பெரிதும் குறையாத, பகுதிக்குள்ளேயே அடங்குகிறது. அந்தத் தந்தியை டி வரை இறக்கி வாசித்தால் 73.4 ஹெர்ட்ஸ் வரும். அது எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது, கேட்பதற்குக் குறையில்லை. ஏழு தந்திக் கிற்றாரின் பி தந்தி 61.7 ஹெர்ட்ஸ் என்பதால் அதை வாசிப்பவர்களுக்கு இது போதாது. அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மேல் எல்லையிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எச்.எஸ்.5இல் வூஃபரிலிருந்து ட்வீற்றருக்கு ஒலி கைமாறும் இடம் 2 கிலோஹெர்ட்ஸ். இருபத்து நான்கு பிரெட் கொண்ட கிற்றாரின் மிக உயர்ந்த சுரம்கூட ஏறத்தாழ 1,319 ஹெர்ட்ஸ்தான் என்பதால், கழுத்தின் எந்த இடத்தில் விரல் வைத்தாலும் அந்தச் சுரத்தின் அடிப்படை ஒலி முழுவதும் ஒரே கூம்பிலிருந்து வருகிறது. பிக் தந்தியில் படும் ஓசை, விரல் வழுக்கும் கீச்சொலி, மேற்சுரங்களின் மினுக்கம் ஆகியவற்றை ட்வீற்றர் ஏற்றுக்கொள்கிறது. தனி வாசிப்பில் கீழிருந்து மேலே ஏறும்போது ஒலியின் குணம் நடுவில் எங்கும் முறியாமல் வருவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இந்த ஸ்பீக்கரின் இயல்பு நடுப்பகுதியை முன்னே வைப்பது. ஒரு கிலோஹெர்ட்ஸை அண்டிய பகுதி சற்றே எழுந்து நிற்பதால், பாட்டுக் கேட்டு மகிழ்வதற்கென்று வாங்குபவர் முதல் நாளிலேயே ஏமாற்றம் அடையக்கூடும். பாஸ் இல்லை என்றும் குரல் முகத்தில் அடிக்கிறது என்றும் சொல்வார். கிற்றார் பதிவுக்கு அந்தக் குணமே பெரும் உதவி. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுத் திருமணங்களில் கப்ரிஞ்ஞா நடனத்துக்கும் பைலாவுக்கும் வாசிக்கப்படும் 6/8 தாள வீச்சைப் பதிவு செய்து இதில் கேட்டால், கீழ்நோக்கிய வீச்சில் எந்தத் தந்தி மற்றவற்றை மூடுகிறது, மேல்நோக்கிய வீச்சில் கை எங்கே தளர்கிறது, இடக்கை தந்தியை எப்போது தடுத்தது, எப்போது தடுக்கத் தவறியது என்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கின்றன. பைலா வாசிப்பின் உயிரே அந்தத் தடுப்பில் இருக்கிறது. கூடுதல் பாஸ் கொண்ட ஸ்பீக்கர்களில் அது ஒரு பொதுவான முழக்கத்துக்குள் ஒளிந்துவிடும். அங்கே நன்றாக இருந்ததாகத் தோன்றிய பதிவு திருமண மண்டபத்து ஸ்பீக்கரில் ஒலிக்கும்போது வெளிறிப்போகும்.

இலத்திரன் கிற்றாரை இதில் வாசிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கிற்றார் அம்பிளிபயருக்குள் இருக்கும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் பொதுவாக 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மிக வேகமாக ஒலியை இழந்துவிடும். டிஸ்டோர்ஷன் நமக்கு இனிமையாகக் கேட்பது அந்த இழப்பினால்தான். எச்.எஸ்.5 அதற்கு மேலும் வெகுதூரம் தெளிவாக ஒலிக்கிறது. ஆகையால் டிஸ்டோர்ஷன் பெடலை இன்ரர்பேஸில் நேரே செருகி வாசித்தால், காதருகே நுளம்புக் கூட்டம் இரைவது போல் இருக்கும். குறை ஸ்பீக்கரிடம் இல்லை. மென்பொருள் அம்பிளிபயருக்குப் பின்னால் கிற்றார் அம்பிளிபயர் ஸ்பீக்கரின் அந்த இழப்பைப் போலச் செய்யும் ஒரு கபினெற் சிமுலேஷனையோ ஐ.ஆர். கோப்பையோ சேர்த்தவுடன் ஒலி ஒழுங்குக்கு வந்துவிடும். கிற்றாரின் வயரை மொனிற்றரின் பின்புறத்தில் நேரடியாகச் செருகுவதும் கூடாது. கிற்றாரின் பிக்கப்புக்கு ஏறத்தாழ ஒரு மெகா ஓம் மின்தடை கொண்ட உள்வாயில் தேவை. மொனிற்றரின் உள்வாயில் இன்ரர்பேஸ், மிக்சர் போன்ற கருவிகளுக்கென்று அமைந்தது. நேரே செருகினால் ஒலி மெலிந்து மேற்பகுதி மங்கிவிடும்.

இனி அறையைப் பற்றிப் பார்க்கலாம். தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

நம் பகுதியில் காற்று ஆண்டின் பெரும்பகுதி முப்பது பாகை செல்சியஸை அண்டிய வெப்பத்தில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் வேகத்தில் செல்லும். பத்தடி என்பது 3.05 மீற்றர். எதிரெதிரான இரு சுவர்களுக்கிடையே ஒலி முன்னும் பின்னும் மோதி வலுப்பெறும் முதல் அதிர்வெண், வேகத்தை இரு மடங்கு நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். பத்தடிக்கு அது 57 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கான 114 ஹெர்ட்ஸில் அடுத்த முழக்கம் எழும். கிற்றாரின் ஏ தந்தி 110 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்த ஏ ஷார்ப் 116.5 ஹெர்ட்ஸ். பத்தடிச் சதுர அறையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே எண் வருவதால், அந்த இரண்டு சுரங்களும் மற்றவற்றை விட ஓங்கிக் கேட்கும். மேலே பத்தடி உயரத்தில் கொங்கிறீற் தட்டும் இருந்தால் மூன்றாவது திசையும் சேர்ந்துகொள்ளும். மரக் கிற்றாரில் இது இன்னும் கூடும், ஏனென்றால் சாதாரண அளவுள்ள மரக் கிற்றாரின் உட்குழிவே நூறு ஹெர்ட்ஸை அண்டித்தான் அதிரும். தன் கிற்றாரின் ஏ தந்தி மட்டும் குமுறுகிறது என்று நினைத்துத் தந்தியை மாற்றுபவர்களும் பிரிட்ஜைச் சீவுபவர்களும் முதலில் அறையின் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால், எட்டு அங்குல ஸ்பீக்கர் இத்தகைய அறைக்கு ஏன் வேண்டாம் என்பது விளங்கும். யமஹாவின் இதே வரிசையில் உள்ள எட்டு அங்குல எச்.எஸ்.8இன் மூன்று டெசிபல் எல்லை 47 ஹெர்ட்ஸ். அதாவது அறை தானாகவே முழங்கும் 57 ஹெர்ட்ஸை அது முழு பலத்துடன் ஊட்டும். கிற்றாரில் இல்லாத ஓர் ஒலிப் பகுதிக்கு மேலதிகப் பணம் கொடுத்து, அந்தப் பகுதி அறையில் உண்டாக்கும் குமுறலுக்குள் நமக்குத் தேவையான ஏ தந்தியையும் ஜீ சுரத்தையும் தேடுவதாகவே அது முடியும். எச்.எஸ்.5 அந்த 57 ஹெர்ட்ஸில் ஏற்கெனவே தளர்ந்துவிடுகிறது. பெரிய அறையில் குறையாக எண்ணப்படும் அந்தத் தளர்வு இங்கே நன்மையாகிறது.

அறை சதுரமாக இல்லாமல் பத்துக்குப் பன்னிரண்டாக இருந்தால் நிலைமை சற்றுச் சீராகும். முழக்கங்கள் ஒரே சுரத்தில் குவியாமல் பிரிந்து விழும். அஸ்பெஸ்டஸ் சீற் கூரையும் பெரிய யன்னல்களும் கொண்ட பழைய வீட்டு அறைகள், கொங்கிறீற் தட்டுப் போட்ட புதிய அறைகளை விடப் பாஸ் கேட்பதற்கு நல்லவை. மெல்லிய கூரை வழியாகக் கீழ் ஒலிகள் வெளியேறிவிடும். அயலவருக்கு அது தொல்லையானாலும் உள்ளே இருப்பவருக்கு ஒலி தெளிவாகும். ஒலி வெளியே போகக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் மூடி அடைத்த அறைதான் மிகவும் குமுறும்.

அடுத்தது ஸ்பீக்கருக்கும் பின் சுவருக்கும் இடையிலான தூரம். சுவரில் பட்டுத் திரும்பும் கீழ் ஒலி, ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியோடு முரண்பட்டு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை அழித்துவிடும். ஒலியின் வேகத்தை, ஸ்பீக்கரின் முகத்திலிருந்து சுவருக்குள்ள தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் அந்த இடம் தெரியும். மேசையைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, ஸ்பீக்கரின் முகம் சுவருக்கு 60 சென்ரிமீற்றர் முன்னால் நிற்குமாறு வைப்பது பலரின் வழக்கம். அந்தத் தூரத்தில் அழியும் அதிர்வெண் ஏறத்தாழ 145 ஹெர்ட்ஸ். கிற்றாரின் டி தந்தி 146.8 ஹெர்ட்ஸ். ஒரே அறையில் ஏ தந்தி குமுறி, அதற்கு அடுத்த டி தந்தி காணாமற் போவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈகுவலைசரில் டியை உயர்த்தினாலும் பயனில்லை, உயர்த்திய அளவுக்கே எதிரொலியும் உயர்ந்து அதை அழிக்கும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது, ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே கொண்டுபோவதே. பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே பத்து சென்ரிமீற்றர் விட்டால் முகம் சுவரிலிருந்து 32 சென்ரிமீற்றரில் நிற்கும். அழிவு 270 ஹெர்ட்ஸை அண்டி மேலே ஏறிவிடும். அந்த உயரத்தில் ஸ்பீக்கரின் பின்னே சுவரில் சாய்த்து வைத்த தடித்த உறிஞ்சு பலகை ஓரளவு வேலை செய்யும்; 145 ஹெர்ட்ஸுக்கு அதே பலகை ஏறத்தாழப் பயனற்றது. எச்.எஸ்.5இன் பாஸ் துளை பின்புறத்தில் இருப்பதால் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்பது உண்மை. ஆனாலும் துளை முன்பக்கம் உள்ள ஸ்பீக்கரை வாங்கினால் சுவர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. கீழ் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. துளை எந்தப் பக்கம் இருந்தாலும் அது சுவருக்குப் போய்த் திரும்பியே வரும்.

சுவருக்கு அருகே வைத்தால் கீழ்ப்பகுதி தடிக்கும். அதற்கு எச்.எஸ்.5இன் பின்புறத்தில் உள்ள ரூம் கொன்ட்ரோல் சுவிச் மிகவும் பயனுள்ளது. அது 500 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள பகுதியை இரண்டு அல்லது நான்கு டெசிபல் குறைக்கும். கல்லடியில் என் அறையில் இரண்டு டெசிபல் குறைத்து வைத்ததும் தாழ்ந்த மூன்று தந்திகளும் மேல் மூன்று தந்திகளும் ஒரே கையால் வாசிக்கப்பட்டவை போல ஒலித்தன. 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டு டெசிபல் கூட்டவோ குறைக்கவோ இன்னொரு சுவிச் உண்டு. வெறும் சீமெந்துத் தரையும் பூச்சுச் சுவரும் கொண்ட அறையில் அதைக் குறைத்து வைப்பதைவிட, தரையில் பாய் விரித்து யன்னலுக்குத் தடித்த சீலை போடுவது நல்லது.

இதே விலை வட்டத்தில் எச்.எஸ்.5க்கு உண்மையான போட்டி ஜே.பி.எல். 305பி எம்.கே.2. அதற்கும் ஐந்து அங்குல வூஃபர்தான். ஒவ்வொரு பகுதிக்கும் 41 வாற் வீதம் மொத்தம் 82 வாற். கீழ் எல்லை, பத்து டெசிபல் கணக்கில் 43 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. ட்வீற்றரைச் சுற்றியுள்ள அகன்ற வளைவு ஒலியைப் பக்கவாட்டில் சீராகப் பரப்புவதால், கதிரையை விட்டு எழுந்து கிற்றாரோடு அறைக்குள் நடந்தாலும் ஒலியின் குணம் அதிகம் மாறுவதில்லை. நின்று வாசிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. இந்த ஒன்றில் எச்.எஸ்.5 அதற்குப் பின்னால்தான் நிற்கிறது. டிரம், பாஸ், கீபோட் எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பாட்டை மிக்ஸ் செய்பவருக்கு ஜே.பி.எல்.ஐப் பரிந்துரைக்க நான் தயங்க மாட்டேன். ஆனால் சுவர் அருகாமைக்கென்று அதில் உள்ள சுவிச் 50 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு கீழ்ப்பகுதியைக் குறைக்கிறது. கிற்றார் தடிப்பது அதற்கு மேலே, நூறிலிருந்து முந்நூறு ஹெர்ட்ஸ் வரையான பகுதியில் என்பதால், கிற்றாரைப் பொறுத்தவரை யமஹாவின் சுவிச்சே பிரச்சினை உள்ள இடத்தைத் தொடுகிறது. சிக்னல் இல்லாதபோது ட்வீற்றரிலிருந்து வரும் மெல்லிய இரைச்சலும் அந்த ஜே.பி.எல்.இன் அறியப்பட்ட குணம். மின்விசிறி சுழலும் பகலில் அது காதில் விழாது. நள்ளிரவில் ஒரு மீற்றர் தூரத்தில் இருந்து மெதுவாக விரல் வாசிப்பைக் கேட்பவருக்கு விழும்.

கே.ஆர்.கே. ரொக்கிற் 5இன் நான்காம் தலைமுறையில் திரையோடு கூடிய ஈகுவலைசர் உள்ளேயே இருக்கிறது. அதன் பாஸ் இயல்பு நடன இசை செய்பவர்களுக்குப் பிடிக்கும், என் தேவைக்கு உரியதன்று. அடம் ரி5வியின் ரிபன் வகை ட்வீற்றர் மரக் கிற்றாரின் மேற்சுரங்களை மிக நுணுக்கமாகக் காட்டும், வரவு செலவு இடம் கொடுத்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். பிரிசோனஸ் ஈரிஸ் 3.5 மலிவானது, ஆனால் அதன் எல்லை 80 ஹெர்ட்ஸிலேயே முடிவதால் தாழ்ந்த ஈ தந்தி மெலிந்துதான் கேட்கும்; வாசித்துப் பழக அது போதும், பதிவைத் தீர்ப்பிட அதை நம்ப முடியாது.

அறையைச் சீராக்குவதற்கென்று எச்.எஸ்.5க்கும் அதே வரிசையில் அடுத்த பெரிய அளவான எச்.எஸ்.7க்கும் இடையிலான விலை வித்தியாசத்தை ஒதுக்கினால் அது நல்ல முதலீடு. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் கீழ் ஒலி துளியும் குறையாது. மெல்லிய பஞ்சுத் தகடுகளும் மேல் ஒலியை மட்டுமே தின்று, குமுறலை அப்படியே விட்டுவிடும். அறை முன்பை விட மந்தமாகக் கேட்கும். தடிப்புத்தான் முக்கியம். கல்லிழைப் பஞ்சான றொக்வூல் கிடைத்தால் பத்து சென்ரிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் துணியால் சுற்றிச் சட்டமிட்டு, அறையின் மூலைகளில் சுவரோடு ஒட்டாமல் சாய்த்து வைப்பது சிறந்தது. கிடைக்காத இடத்தில், நம் ஊரில் எளிதில் கிடைக்கும் தும்பு மெத்தைகள் இரண்டை மூலைகளில் நிறுத்திப் பார்க்கலாம். துணிகள் நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து வைப்பதுகூட வெறுஞ் சுவரை விட மேல். எத்தனை செய்தாலும் 57 ஹெர்ட்ஸை முற்றாக அடக்க முடியாது. அதை எழுப்பாத ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பதில் நான் இவ்வளவு உறுதியாக நிற்பதும் அதனால்தான்.

அமர்ந்து கேட்கும் இடத்தில் தலையும் இரண்டு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீற்றர்கள் காது மட்டத்தில் இருக்க வேண்டும். அறையின் நட்ட நடுவில் கதிரையைப் போடக் கூடாது, அங்கேதான் முதல் முழக்கம் முற்றாக மறைந்து இரண்டாவது உச்சத்தில் நிற்கும். அமைத்து முடிந்ததும் தாழ்ந்த ஈ தந்தியின் திறந்த சுரத்திலிருந்து ஒவ்வொரு பிரெட்டாக ஒரே விசையில் வாசித்துப் பதிவு செய்து, அதை மொனிற்றரிலும் ஹெட்போனிலும் மாறி மாறிக் கேளுங்கள். ஹெட்போனில் சமமாக இருந்து ஸ்பீக்கரில் எழும்பியும் தாழ்ந்தும் கேட்கும் சுரங்கள் எல்லாம் அறையின் வேலை. கதிரையை ஒரு சாண் முன்னோ பின்னோ நகர்த்தினாலேயே அவற்றிற் சில அடங்கும்.

வாசிக்கும்போதே மொனிற்றரில் கேட்பவர்கள் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுவதுண்டு. ஒலி ஒரு மீற்றர் செல்ல ஏறத்தாழ மூன்று மில்லி வினாடி ஆகிறது. மேடையில் மூன்று மீற்றர் தள்ளி அம்பிளிபயரை வைத்து வாசிப்பவர் ஒன்பது மில்லி வினாடித் தாமதத்தோடுதான் எப்போதும் வாசிக்கிறார். கணினி ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிளாக வைத்தால் அந்தப் பஃபரின் அளவு 2.7 மில்லி வினாடிக்குள் முடியும். உள்ளே வரவும் வெளியே போகவும் இன்ரர்பேஸ் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தாலும், மொனிற்றர் ஒரு மீற்றர் தூரத்திலேயே இருப்பதால் பெரும்பாலும் விரலுக்கு வேறுபாடு தெரியாது.

எந்த ஒலி அளவில் கேட்கிறோம் என்பதும் தேர்வோடு சேர்ந்தது. வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் ஒலிபெருக்கிகள் ஒலிக்கும் ஊர்களில் பகலில் பதிவு செய்ய முடியாது. மாரியில் சீற் கூரையில் மழை விழும்போதும் அப்படித்தான். எனவே பலர் இரவில், வீட்டார் உறங்கிய பின்னர், மிகக் குறைந்த ஒலியில் கேட்கிறார்கள். ஒலி குறையக் குறையக் காது கீழ்ப்பகுதியை இன்னும் குறைவாகவே உணரும் என்பது 1933இல் பிளெச்சரும் மன்சனும் வெளியிட்ட வளைகோடுகளிலிருந்து அறியப்பட்டது. இரவில் பாஸ் போதவில்லை என்று கூட்டிய மிக்ஸ் காலையில் தடித்துக் கேட்கும். பாஸைத் தீர்மானிக்கும் வேலையைப் பகலுக்கு ஒதுக்கி, தந்திகளின் சமநிலை, பதிவை வெட்டித் தொகுத்தல், தாளம் சரிபார்த்தல் ஆகியவற்றை இரவில் செய்வது பொருந்தும். குறைந்த ஒலியிலும் எச்.எஸ்.5இன் நடுப்பகுதி கலங்காமல் நிற்பதால் அந்த வேலைகள் நன்றாகவே நடக்கும்.

மின்சாரம் பற்றிச் சில சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து வரும் உறவினர் மூலம் ஸ்பீக்கர் எடுப்பிப்பவர்கள், அங்கே 120 வோல்ற் மின்சாரம் என்பதை மறக்கக் கூடாது. எச்.எஸ்.5 அந்தந்த நாட்டு மின்னழுத்தத்துக்கென்று தனித்தனியாகச் செய்யப்படுவது. நம் 230 வோல்ற்றில் அதைச் செருகினால் உடனே எரிந்து போகும். பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ற் எண்ணைப் படிக்காமல் எந்த ஸ்பீக்கரையும் செருக வேண்டாம். லண்டனிலிருந்து வருவதில் இந்தப் பிரச்சினை இல்லை.

இரைச்சல் இன்னொரு தொல்லை. இன்ரர்பேஸிலிருந்து மொனிற்றருக்குப் போகும் வயர், முனையில் மூன்று பகுதிகள் கொண்ட ரி.ஆர்.எஸ். வகையாக இருக்க வேண்டும். கிற்றாருக்குப் பயன்படுத்தும் இரண்டு பகுதி வயரைச் செருகினாலும் ஒலி வரும், ஆனால் இரைச்சலை நீக்கும் ஏற்பாடு வேலை செய்யாது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் எர்த் இணைப்பில் குறை உண்டு. பழைய வீடுகளின் வட்ட முனைச் சொக்கற்றுகளில் எர்த் இல்லாமலே இருப்பதுண்டு. அதை மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு திருத்துவதே வழி, பிளக்கின் எர்த் முனையை நீக்கி இரைச்சலை நிறுத்துவது உயிராபத்து. சிங்கிள் கொயில் பிக்கப்பின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வேறு வகை; கதிரையோடு சற்றுத் திரும்பி அமர்ந்தால் குறையும். பருவங்களுக்கிடைப்பட்ட இடிமழைக் காலங்களில் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுவது அவசியம், சுவிச்சை மட்டும் நிறுத்துவது மின்னலைத் தடுக்காது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருப்பவர்களின் ஜக் முனைகளில் உப்புக் காற்றால் களிம்பு பிடிக்கும். கரகர ஒலி வரும்போது முதலில் துடைக்க வேண்டியது அவற்றையே.

வாங்கும்போது, எச்.எஸ்.5 பொதுவாக ஒற்றையாக விலையிடப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பார்த்த விலையை இரண்டால் பெருக்கி, வயர்களின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகரக் கடைகளில் நான் பார்த்தவரை மேடைக்குரிய ஸ்பீக்கர்களே கூடுதலாக இருக்கின்றன, மொனிற்றர்கள் கொழும்பிலிருந்தே வர வேண்டியிருக்கும். அங்கே போய்க் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டுத் தீர்மானிக்காமல், சொந்தக் கிற்றாரின் பதிவை ஒரு பென்டிரைவில் கொண்டுபோய் அதைப் போட்டுக் கேளுங்கள். நாற்பது வருடப் பழைய பாட்டைக் கூட நல்ல ஸ்பீக்கர்கள் எல்லாம் அழகாகவே ஒலிக்கும். நம் சொந்தக் கையின் குறையை எது காட்டுகிறது என்பதே தேர்வுக்கு உதவும்.

குறைகளும் உண்டு. ஒலி அளவுக் குமிழும் மின் சுவிச்சும் இரண்டு ஸ்பீக்கர்களிலும் பின்புறத்தில் இருப்பதால் சுவருக்கு அருகே வைத்த பின்னர் கை போவது கடினம். ஹெட்போன் வாயில் இல்லை. நடுப்பகுதி முன்நிற்பதால் நீண்ட நேரம் கேட்டால் காது களைக்கும், இடையிடையே ஓய்வு வேண்டும். பாஸ் கிற்றாரின் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் அடிப்படை ஒலியை இதில் தேடக் கூடாது. மேற்சுரங்களை வைத்தே ஊகிக்க வேண்டும், ஹெட்போனில் சரிபார்க்க வேண்டும். ஏழு தந்திக் கிற்றார் வாசிப்பவரும் பாஸை முக்கியமாகப் பதிவு செய்பவரும், அறை பன்னிரண்டடிக்குக் குறையாமல் இருந்து மூலைகளுக்குத் தடித்த உறிஞ்சு பலகைகள் போடவும் ஆயத்தமானால், 55 ஹெர்ட்ஸ் வரை சமமாக இறங்கும் எச்.எஸ்.7ஐ எடுக்கலாம்.

இரண்டு ஸ்பீக்கர்களின் குமிழ்களையும் நடுவில் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, ஒலியைக் கூட்டுவதையும் குறைப்பதையும் இன்ரர்பேஸிலேயே செய்யுங்கள். வீடு கூட்டும்போது குமிழ் ஒன்று நகர்ந்துவிட்டால் கிற்றார் ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்கும், காரணம் எளிதில் பிடிபடாது. ஆகவே அந்த நிலையை ஒரு சிறு ரேப் துண்டால் குறித்துவிட்ட பிறகே ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகே தள்ளி வையுங்கள்.